மைனஸ் பதினெட்டு

இல்லீங்க, கப்பல்ல இல்ல. கப்பல் சரக்கு ஆபீஸ்ல. முப்பது வருஷம் ஒலகம் பூரா சரக்கு அனுப்பினேன், கப்பல்ல ஒரு நாள் கால் வச்சதில்ல. எங்க வீட்டுக்காரி எல்லார்கிட்டயும் கப்பல்காரர்னு சொல்லி வச்சிருந்தா. எனக்குப் படகுல ஏறினாலே தலை சுத்தும்.

வேலை என்ன, பேப்பர்தான். சரக்கு யாரோடது, யாருக்குப் போகுது, எந்த எடம் வரைக்கும் வித்தவன் பொறுப்பு, எங்கேருந்து வாங்கினவன் பொறுப்பு, எல்லாம் எழுதிடணும். நடுக்கடல்ல ஒண்ணு ஆச்சுன்னா யார் தலையில விழும்னு கெளம்பறதுக்கு முன்னாடியே முடிவாயிடும். நான் அதுல புலி. புதுசா வர்றவங்களுக்கு வகுப்பு வேற எடுப்பேன். பாதிப் பேர் தூங்கிடுவாங்க, நான் நிறுத்த மாட்டேன்.

ஒரு தடவை ஒரு பெட்டி நெறைய எறா போச்சு. அந்தக் குளிர்பெட்டியை மைனஸ் பதினெட்டு டிகிரியில வைக்கணும். பேப்பர்ல மைனஸ் விட்டுப் போச்சு. வெறும் பதினெட்டு. பெட்டிக்கு என்ன தெரியும், சொன்னதைச் செய்யுது. இருபத்திரண்டு நாள் சொகுசாப் போயிருக்கு. அந்தப் பக்கம் கதவைத் தொறந்த ஆளு தொறந்தபடியே போட்டுட்டு ஓடிட்டாராம். சிரிங்க, பரவால்ல. நானும் ஊரெல்லாம் சொல்லிச் சிரிச்சவன்தான்.

சும்மா விடுவாங்களா? டைப் அடிச்ச அம்மா மேல விழுந்துச்சு. என் பக்கத்து சீட்டு. இவர் துண்டுச்சீட்டுல எழுதிக் குடுத்ததைத்தான் அடிச்சேன்னு என்னைக் காட்டிச் சொல்லிப் பாத்தாங்க. மேனேஜர் என்னைப் பாத்தாரு. நான் பெரிய மனுஷன் மாதிரி கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுக்கிட்டே, மைனஸ் போட்டுத்தான் குடுத்தேன், சீட்டு எங்க போச்சோ தெரியலன்னேன். அன்னிக்கே அவங்களை அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் எந்தச் சரக்கு ஆபீஸும் எடுத்துக்கல. எனக்கு மறுவருஷமே தனி ரூம் குடுத்தாங்க. கண்ணாடிக் கதவு. நான் ரெண்டு தடவை முட்டிக்கிட்டேன்.

சீட்டா? அது அப்ப என் சட்டைப் பையிலதான் இருந்துச்சு. பதினோரு வருஷமாச்சு. இதோ பாருங்க, மடிச்சு மடிச்சுக் கிழியப் போகுது. என் கையெழுத்துதான். வெறும் பதினெட்டு.

அவங்க வீடு அடுத்த ஸ்டாப்புலதான். இது மூணாவது தடவை. போன ரெண்டு தடவையும் உக்காந்தபடியே கடைசி ஸ்டாப் வரைக்கும் போய்ட்டேன். கொஞ்சம் காலை ஒதுக்கிக்கோங்க, எறங்கணும்.