எட்டு வீட்டு இனிப்பு

மைசூர்பாகுக்கு நெய்யைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்ற வேண்டும். அவசரக்காரர்களுக்கு அது வராது. இந்த தில்லி கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசையில் எட்டுத் தமிழ்க் குடும்பங்கள். அந்தப் பதம் என் ஒருத்திக்குத்தான் கைவந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. நடந்ததைச் சொல்லச் சொன்னீர்கள், அது இங்கேதான் தொடங்குகிறது. இந்தியில் எழுதிக்கொள்ளும் தம்பி நிதானமாக எழுதட்டும்.

ரேஷன் சர்க்கரையை வைத்துக்கொண்டு ஒரே வீட்டில் எட்டுப் பலகாரம் செய்ய முடியுமா? வீட்டுக்கு ஓர் இனிப்பு, எட்டுப் பங்கு என்று ஏற்பாடு செய்தவள் நான். தீபாவளிக்கு முந்தின நாள் எல்லோரும் என் வீட்டில் கூடி மாற்றிக்கொள்வோம். பதினோரு வருஷம் நடந்தது. எதிர்வீட்டுச் செல்லம்மாளின் லட்டை உடைக்கச் சுத்தியல் வேண்டும். அதையும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டேன்.

சாந்தகுமாரி இந்தச் சித்திரையில்தான் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தாள். ஒன்பது வயதில் பவுனு என்று ஒரே பெண். அதற்குச் சர்க்கரை வியாதி. தினமும் ஊசி போடாவிட்டால் பிழைக்காது. மருந்து வெயிலில் கெடாமலிருக்க பிரிட்ஜ் வேண்டும், அது என் வீட்டில் மட்டும்தான் இருந்தது. கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றாள்.

"ஐஸ் பெட்டியில மட்டும் வச்சிராதீங்கக்கா. உறைஞ்சா மருந்து வீணாப் போயிருமாம். அப்புறம் ஊசி போட்டும் பிரயோசனமில்லன்னு டாக்டர் சொன்னாரு."

சரி என்றேன். காலையும் மாலையும் என் சமையலறைக்கு வந்து பாட்டிலிலிருந்து மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டு போவாள். ஆறு மாதம் நான் ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை. இந்தக் காலத்தில் யார் செய்வார்கள்?

புரட்டாசியில், யார் என்ன இனிப்பு செய்வது என்று பேசக் கூடினோம். செல்லம்மாள்தான் ஆரம்பித்தாள்.

"பாவம், பவுனு எல்லாரு வாயையும் பார்த்துக்கிட்டு நிக்கும். இந்த வருஷம் காரம் மட்டும் செஞ்சுக்கலாமே."

எல்லாத் தலைகளும் ஆடின. கூடுவதும் சாந்தகுமாரி வீட்டில்தானாம். அவள் முறுக்கு நன்றாகச் சுடுகிறாளாம். முறுக்குக்கு என்ன பெரிய பதம், சொல்லுங்கள். என்னை ஒருத்தியும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் எல்லோருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

ஐப்பசி பிறந்ததும் புது மருந்துப் பாட்டில் வந்தது. அன்றிலிருந்து சாந்தகுமாரி போனதும் அதை ஐஸ் பெட்டிக்கு மாற்றுவேன். அவள் வரும் நேரத்துக்கு ரொம்ப முன்பே எடுத்து, உருகவிட்டு, பழைய இடத்தில் வைத்துவிடுவேன். பார்வைக்கு வித்தியாசமே தெரியவில்லை. அவளும் உற்றுப் பார்க்கிற ரகமில்லை.

நாலாம் நாள், பெண் ஓயாமல் தண்ணீர் குடிக்கிறது, துவண்டு துவண்டு விழுகிறது என்று அழுதுகொண்டு வந்தாள். திருட்டுத்தனமாக இனிப்பு தின்றிருக்கும் என்றேன். என் சம்படத்தில் இரண்டு துண்டு குறைகிறது என்றும் சொன்னேன். அவள் என் எதிரிலேயே பெண்ணை அறைந்தாள்.

"சச்சீ அம்மா, சத்தியமா நான் தொடவே இல்ல," என்றது அது.

உண்மைதான், அது தொடவில்லை. ஆனால் தாய் மகளைக் கண்டிக்கும்போது குறுக்கே பேசுவது நாகரிகமில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இரண்டே நாளில் முடிந்துவிட்டது. அந்த அமளியில் பாட்டிலை ஐஸ் பெட்டியிலிருந்து எடுக்க மறந்துபோனேன். அது விரிசல் விட்டுக் கிடந்ததைப் பாத்திரம் தேய்க்கும் பாப்பம்மாள் பார்த்துவிட்டு உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னது பொய்யில்லை. வைத்தது நான்தான், உயிர் போகும் என்று தெரிந்தேதான் வைத்தேன். பவுனுமேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அது இருக்கிறவரை எங்கள் வரிசையில் இனிப்பு நடக்காது, அவ்வளவுதான்.

துக்கத்தில் இந்த வருஷம் பண்டிகையே வேண்டாம் என்றார்கள் மற்றவர்கள். நான் விடவில்லை. தனி ஆளாக நின்று மைசூர்பாகு கிளறி, ஏழு வீட்டுக்கும் கொடுத்தனுப்பினேன். இனி அந்த வீட்டில் இனிப்புக்குத் தடையில்லையே என்று சாந்தகுமாரிக்கு மட்டும் நாலு துண்டு கூடவே வைத்தேன். ஒரு வாரம் ஆகிறது. அந்த எவர்சில்வர் டப்பாவைக் கழுவித் திருப்பித் தர வேண்டும் என்கிற மரியாதைகூட அவளுக்குத் தெரியவில்லை.