கை வைக்காத வயிறு

மத்தியானம் பன்னிரண்டரை மணி. பேய்க் கதைக்கு இது ஒரு நேரமான்னு சிரிக்காதிய... உச்சிப் பொழுதுதான் மோசம். ஸ்ரீவைகுண்டம் தாண்டி ஆத்தோர ரோடு. ரெண்டு பக்கமும் வாழை. ஒரு சைக்கிள்கூட இல்ல.

கதவச் சாத்திட்டுப் பக்கத்துல வாங்கலே. விடியுற வரைக்கும் நமக்கு டூட்டிதான.

கார் ஓட்டுனது என் சிநேகிதி ஹம்ஸினியோட சித்தி, காமாக்ஷி டாக்டர். பிரசவ டாக்டர். உங்கள மாதிரி பயிற்சி டாக்டருங்களுக்குப் பாடம் எடுத்தாவ.

வருசக் கணக்கா அவிய ஒண்ணே ஒண்ணத்தான் கத்துனாவ. புள்ள பொறந்த பொறவு கால் மணிக்கு ஒருக்க தாயோட வயித்துல கை வச்சு அமுக்கிப் பாரு. கர்ப்பப்பை கல்லு மாதிரி இறுகியிருக்கணும். இளகிக் கெடந்தா ரத்தம் போகும். உடனே தேய்ச்சு விடு, ஆளக் கூப்பிடு. அவ்வளவுதான். எவன் கேட்டான்? வயித்தத் தொடாமலே, நாற்காலியில இருந்துக்கிட்டே சார்ட்டுல எல்லா வரிசைக்கும் ஒரே மாதிரி எழுதிருவானுவ. இன்னைக்கு நீங்க எழுதின சார்ட்டையும் இப்பதான் பாத்துட்டு வாரேன்... எனக்குப் பத்திக்கிட்டு வருது.

அப்படி எழுதின பயிற்சி டாக்டருதான் கோமதிசங்கர். அவன் டூட்டியில அன்னத்தாய்னு ஒரு பச்ச உடம்புக்காரி, ரத்தம் போயே செத்துட்டா. மறுவாரம் அந்தச் சாவுக்கு நடந்த விசாரணைக்குத்தான் டாக்டரம்மா அவனக் கார்ல கூட்டிட்டுப் போறாவ. வழியெல்லாம் ஏச்சு.

வளைவுல ஒரு பொம்பள கையக் காட்டுதா. வெறுங்கால். கொதிக்கிற தாரு... அதுல பைய நடந்து வாரா. புள்ள பெத்து ஒரு மணி நேரம் ஆச்சு, தலை சுத்துதுன்னா. பின்சீட்டுல படுக்க வச்சாவ. அவனும் பின்னால ஏறிக்கிட்டான். கதவச் சாத்துனதும் ஒரு வாடை... டெட்டால்... பச்ச ரத்தம்.

டாக்டரம்மா வண்டிய விரட்டிக்கிட்டே சொன்னாவ, "வயித்துல கை வைடா."

வச்சான். "மேடம்... இளகியிருக்கு."

"தேய். விடாத. பேரக் கேளு."

கேட்டான். அவ சொன்னா... அன்னத்தாய்.

டாக்டரம்மா ரோட்டுல இருந்து கண்ண எடுக்காமலே கேட்டாவ, "முகத்தப் பாரு. அவதானா?"

அவன் குனிஞ்சு பாத்தான்.

"தெரியல மேடம்... நான் அன்னைக்கு முகத்தப் பாக்கல."

ஆறு மணி நேரம்லே. அவ கட்டிலுக்கு நாலடி தள்ளி இருந்திருக்கான். முகம் தெரியலங்குதான். இத எங்க போய்ச் சொல்ல?

ஆஸ்பத்திரி வாசல்ல வண்டி நின்னுச்சு. டாக்டரம்மா திரும்பிப் பாத்தா... சீட்டுல யாரும் இல்ல. அவன் மட்டும் கீழ முட்டி போட்டு, வெறும் சீட்டத் தேய்ச்சுக்கிட்டே இருக்கான். வேர்த்துக் கொட்டுது. இறங்கிப் போய்க் கதவத் திறந்து தோளத் தொட்டாவ. போதும், விட்டுருடான்னாவ.

அவன் அழுதுகிட்டே சொன்னான்.

"நான் எப்பவோ விட்டுட்டேன் மேடம்... கைய அவதான் பிடிச்சிருக்கா."