ஒரு சொட்டுப் பசை

உங்கள் தலைக்கு மேல் ஓடும் மின்விசிறி லேசாக ஆடுகிறது, சார். யாரையாவது விட்டு அந்த ஸ்க்ரூவை ஒருமுறை இறுக்கச் சொல்லுங்கள். ஆடுகிற பொருளைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியாது.

மாப்பிள்ளையின் ஹெலிகாப்டரைப் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டியது நான்தான். என் தங்கையின் கணவரைச் சொல்கிறேன். ரிமோட்டில் பறப்பது என்றதும் விளையாட்டுச் சாமான் என்று நினைத்துவிடாதீர்கள். அதன் இறக்கை ஒவ்வொன்றும் ஒரு முழத்துக்கு மேல் நீளம். சுழலும்போது கண்ணுக்கே தெரியாது. அந்த இறக்கைகளை இப்படியும் அப்படியும் சாய்ப்பவை சர்வோ என்கிற சின்ன மோட்டார்கள். சர்வோவின் நான்கு மூலையிலும் ரப்பர் வளையம் போட்டு, அதற்குள் பித்தளைக் குழலைச் செருகி, ஸ்க்ரூ மரையில் ஒரு சொட்டுப் பசை வைத்து முறுக்க வேண்டும். ரப்பர் அதிர்வைத் தாங்கும், பித்தளை ரப்பரை நசுங்காமல் காக்கும். பசை இல்லையென்றால் ஸ்க்ரூ அதிர்ந்து அதிர்ந்து தானாகக் கழன்றுவிடும்.

மாப்பிள்ளைக்கு இந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. பறக்கவிடத் தெரியும், கோப்பை வாங்கத் தெரியும், வாய் கிழியப் பேசத் தெரியும். போன போட்டியில் யாரோ என்னைக் காட்டிக் கேட்டதற்கு, "நம்ம மச்சான்தான். ஸ்க்ரூ முறுக்க ஒரு ஆள் வேணும்ல" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதை நான் பொருட்படுத்தவே இல்லை. ஆனால் தங்கையும் சிரித்தாள். சைக்கிளிலிருந்து ஸ்கூட்டர் வரை அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். எனக்கு வயிறு எரிந்தது.

மரையில் பசையே இல்லை என்று நீங்கள் கண்டுபிடித்துவிட்டதால் சுற்றி வளைக்கவில்லை. ஒரு சர்வோவின் நான்கு ஸ்க்ரூவையும் பசை வைக்காமல்தான் முறுக்கினேன். பறக்கவிடும் முன் மாப்பிள்ளை ஒவ்வொரு சர்வோவையும் விரலால் ஆட்டிப் பார்ப்பார். பசை வைத்ததும் வைக்காததும் விரலுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். கல்லு மாதிரி இருக்கிறது என்று என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

ஹெலிகாப்டர் நன்றாகத்தான் ஏறியது. கொஞ்ச நேரத்தில் அதன் சத்தம் மாறியது என் காதுக்கு மட்டும் கேட்டது. அப்போதுதான் தங்கையிடம் சொன்னேன். "நீயும் ஒருதரம் பிடிச்சுப் பாரும்மா. அவர் பக்கத்துலதான இருக்காரு." மாப்பிள்ளைக்கு ஒரே சந்தோஷம். அதைத் தாழ இறக்கி எதிரே அந்தரத்தில் நிறுத்தி, ரிமோட்டை அவள் கையில் கொடுத்தார். நான் போய் காருக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

சர்வோ கழன்றதும் அது சாய்ந்து அவர்களை நோக்கி வந்தது. மாப்பிள்ளை அவளைக் கீழே தள்ளிவிட்டுத் தான் குறுக்கே நின்றார். அந்த மனிதருக்கு அப்படியொரு குணம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இருவரில் யார்மீது பட்டாலும் எனக்குச் சரிதான் என்றுதான் இருந்தேன்.

ரிமோட் தன் கையில் இருந்ததால், தானே அவரைக் கொன்றுவிட்டதாக அவள் நினைக்கிறாள். "என் கையாலயே கொன்னுட்டேண்ணா" என்று அழுகிறாள். சோற்றைத் தொடுவதில்லை. நானும் உண்மையைச் சொல்லவில்லை. அதற்காக என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று எண்ணிவிடாதீர்கள், சார். இங்கே கிளம்பும்போதுகூடப் பக்கத்தில் உட்கார்ந்து, தலையைத் தடவிக்கொடுத்து, அவளை நான் மன்னித்துவிட்டதாகச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.