பெயர் வேண்டாம் என்றவர்

காபி நன்றாக இருக்கிறது, சார். சர்க்கரை கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை. நான் மெதுவாகவே சொல்கிறேன், உங்கள் ஏட்டு நிதானமாக எழுதட்டும். ஒருவர் சொல்வதை எழுதிக்கொள்வது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். இரண்டு வருஷம் அதைத்தான் படித்தேன்.

என் பெயர் கோமளா. அப்பா சுந்தரராஜுலு சிங்காநல்லூர்ப் பக்கம் நூல் மில் வைத்திருக்கிறார். தொண்ணூற்று நான்கில் பல்கலைக்கழகத்தில் இதழியல் சேர்ந்தேன். பேப்பரில் என் பெயர் வர வேண்டும், எனக்கு வேறு ஆசை கிடையாது. பக்கத்து இருக்கை அன்புக்கரசி. கிணத்துக்கடவு தாண்டி உள்ளே ஒரு ஊர். அப்பா வேலன், அம்மா பாவாத்தாள், இருவருக்கும் தென்னந்தோப்பில் கூலி வேலை. எனக்கு அவளை ரொம்பப் பிடித்திருந்தது. இதை அவசியம் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் வருஷம் மாரியம்மன் நோம்பிக்கு அவள் வீட்டுக்குப் போனேன். பாவாத்தாள் வாசலிலேயே தயங்கி நின்று, "ஏனுங்க அம்மணி, எங்கூட்டுல சாப்புடுவீங்களா?" என்று கேட்டார். சாப்பிட்டேன். அதை நான் யாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டதில்லை.

அன்றைக்கு ஊரே ரூபன் பேச்சாக இருந்தது. இருபது வயதுப் பையன், தோப்புக் கிணற்றுக்குள் மோட்டாரைக் கழற்ற இறங்கிச் செத்துப்போயிருந்தான். குடித்துவிட்டு விழுந்தான் என்று தோப்புக்காரர் ஆறுச்சாமி சொல்ல, வழக்கு அதோடு முடிந்தது. பாவாத்தாள் மட்டும் தென்னை மறைவிலிருந்து, ஆறுச்சாமிக்குத் தெரியாமல் பார்த்திருக்கிறார். "சாக்கடிக்குதுங்கன்னு அந்தப் பையன் ரெண்டு தடவ சொன்னானுங்க. எறங்கடான்னு தோப்புக்காரருதான் தள்ளாத குறையா எறக்குனாரு" என்று எங்கள் இருவரிடமும் சொன்னார். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க என்னத்த எழுதுனாலும் எம் பேரு மட்டும் வேண்டாங்க அம்மணி. அந்தத் தோப்புலதான் நாங்க கஞ்சி குடிக்கோணும்."

நான் சரி என்றேன். அப்போது எனக்கு அன்புக்கரசிமேல் ஒரு கோபமும் இல்லை.

அடுத்த வருஷம் ஒரு பஸ் விபத்தைப் பற்றி நான் எழுதிய செய்தியை வகுப்பில் வாசித்தார்கள். கண்டக்டர் கண்ணீரோடு சொன்னதாக நான்கு வரி சேர்த்திருந்தேன். நான் அங்கே போகவில்லை. ஆனால் எந்தக் கண்டக்டரும் அதைத்தான் சொல்லியிருப்பார். அன்புக்கரசி எழுந்து, மெல்லிய குரலில், "அந்தக் கண்டக்டரு எடத்துலயே செத்துப்போயிட்டாருங்க சார். நான் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ப் பாத்துட்டு வந்தேன்" என்றாள்.

வகுப்பு சிரித்து ஓய ரொம்ப நேரம் ஆயிற்று. பாடம் நடத்திய செங்கோட்டையன் சார் சிரிக்கவில்லை. பேசியவர் யார் என்று காட்ட முடியாத செய்தி செய்தியே அல்ல என்று சொல்லி என் தாளைத் தள்ளி வைத்தார். எங்கள் துறையிலிருந்து வருஷத்துக்கு ஒருவரை ஒரு நாளிதழ் பயிற்சி நிருபராக எடுக்கும். அந்த இடம் அன்புக்கரசிக்குப் போயிற்று. அவள் என்னிடம் வந்து, "மனசுல வெச்சுக்காத கோமளா, தெரிஞ்சு போச்சு, சொல்லிப்போட்டேன்" என்றாள். நான் சிரித்தேன். மனசில் வைத்துக்கொண்டேன்.

துறையில் நாங்களே ஒரு பயிற்சி இதழ் நடத்தினோம். கடைசி இதழுக்கு அன்புக்கரசி ரூபன் செய்தியைக் கொடுத்தாள். நேரில் பார்த்தவரை, பெயர் சொல்ல விரும்பாத பெண் தொழிலாளி என்று எழுதியிருந்தாள். அது தன் அம்மாதான் என்று செங்கோட்டையன் சாரிடம் மட்டும் சொல்லி ஒப்புதல் வாங்கியிருந்தாள். பக்கம் ஒட்டுவது என் பொறுப்பு. கம்ப்யூட்டரில் எடுத்த தாள்களை வெட்டி அளவு பார்த்து ஒட்டி அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். சார் கையெழுத்துப் போட்ட பக்கத்தில் ஒரு வரிமேல் இன்னொரு வரியை ஒட்டினேன். "பாவாத்தாள் என்ற தொழிலாளி கூறினார்." என் செய்திக்கு எந்த விதியோ அதே விதி அவளுக்கும். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, சார்.

இதழ் வந்த வாரமே பாவாத்தாளை அதே கிணற்றிலிருந்து பிணமாக எடுத்தார்கள். தண்ணீர் இறைக்கப் போய்க் கால் வழுக்கிவிட்டதாம். ஆறுச்சாமி அப்படித்தான் உங்களிடம் சொல்லியிருப்பார். அன்புக்கரசி படிப்பை நிறுத்திவிட்டாள். பயிற்சி நிருபர் வேலை எனக்கு வந்தது. நான் கேட்டுப் போகவில்லை, அவர்களேதான் கூப்பிட்டார்கள்.

பிறகு ஏன் இப்போது வந்து சொல்கிறேன் என்று கேட்டீர்கள். முதலில் எழுதியபோது அம்மா பெயரைப் போட்டதாகவும், பிறகு மாற்றியும் அந்தப் பழைய பிரதியே தவறிப்போய் அச்சுக்குப் போய்விட்டதாகவும் அன்புக்கரசி நம்பிக்கொண்டிருக்கிறாள். "எங்கையாலயே எங்கம்மாளக் கொன்னுபோட்டேன்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் அழுகிறாள். எனக்கு அது பொறுக்கவில்லை. இரக்கம் என்று எழுதிவிடாதீர்கள். என்னை நடு வகுப்பில் தலைகுனிய வைத்தது யார் என்று எனக்குத் தெரியும். அவள் தலையில் கல்லைப் போட்டது யார் என்று அவளுக்கும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் நான் செய்தது வீண்.

நீங்கள் கேட்ட இன்னொரு கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. எங்கள் இதழ் பல்கலைக்கழக வாசலைத் தாண்டாது. தோப்பில் அதைப் படிக்க யாரும் இல்லை. வாஸ்தவம். அதனால் நானே கொண்டுபோனேன். பொள்ளாச்சி பஸ்ஸில் போய் இறங்கி, விசாரித்து, நடந்தேன்.

ஆறுச்சாமி மரியாதையான மனிதர். "வெயில்ல வந்திருக்கீங்க அம்மணி, உக்காருங்க" என்று மோர் கொடுக்கச் சொன்னார். செய்தியை இரண்டு தரம் படித்தார். முகத்தில் கோபமே இல்லை. இதழை மடித்து என்னிடமே நீட்டினார்.

"இந்தூர்ல பாவாத்தா மூணு பேரு இருக்கறாங்க. மூணு பேருமே நம்ம தோப்புக்குத்தான் வாராங்க. இது எந்தப் பாவாத்தான்னு தெரியலீங்களே அம்மணி."

அப்போதுகூட எழுந்து வந்திருக்கலாம். எனக்கும் தெரியாதுங்க என்று ஒரு வார்த்தை போதும். மீதி மோரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தேன்.

"வேலன் சம்சாரங்க" என்றேன். "புள்ள கோயமுத்தூர்ல படிக்குது."

வேறு என்ன செய்வது, சார்? மற்ற இரண்டு பேரும் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லையே.