வழியில் கிடந்த பெட்டி

அரிசியைக் கடையின் வாசல் பக்கம்தான் வைக்க வேண்டும், இன்ஸ்பெக்டர். பஸ் பிடித்து வருகிறவர்களுக்கு உள்ளே சுற்றிக்கொண்டிருக்க நேரம் கிடையாது. பதினேழு வருஷம் கிள்ளானில் ஒரு சூப்பர்மார்க்கெட்டை நடத்தியவன் சொல்கிறேன்.

நல்ல வேலைதான். தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து வரும் மகதலேனா ஆன்டி கதவைத் தள்ளும்போதே அவருடைய தேயிலையை எடுத்து வைத்திருப்பேன். அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காக மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். சொல்லாமல் லீவு போடும் ஆட்கள், மாவில் வண்டு, எதற்கும் ஒழுங்காகப் பதில் சொல்லாத ஹெட் ஆபீஸ். குளிரறைக் கதவின் உள்பக்கக் கைப்பிடி உடைந்துவிட்டது என்று நான்கு கடிதம் எழுதினேன். "பார்க்கிறோம்" என்றார்கள். கதவு சாத்திக்கொண்டால் உள்ளிருந்து திறக்க முடியாது. அதனால் யார் போனாலும் ஒரு மரப்பெட்டியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போவோம்.

போன மாதம், தீபாவளிக்கு நான்கு வாரம் இருக்கும்போது, ராதாகிருஷ்ணனை அனுப்பினார்கள். முப்பது வயது, டிப்ளோமா படித்தவர். இனி அவர் மேனேஜர். மாதக் கடைசியில் நான் காஜாங் கிளைக்குப் போய்ச் சரக்குப் பார்க்க வேண்டும். மரியாதை தெரியாதவர் என்று சொல்ல மாட்டேன்.

"லியனார்ட் அண்ணே, அரிசியப் பின்னால தள்ளிட்டா, வர்றவங்க பிஸ்கட்டு, சோப்பு எல்லாம் தாண்டித்தானே போகணும். ரெண்டு சாமான் கூட எடுப்பாங்க லா," என்றார்.

ஒரே வாரத்தில் எல்லாம் இடம் மாறிவிட்டது. அந்தச் சனிக்கிழமை மகதலேனா ஆன்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "சீனி எங்கப்பா வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நான் தேடிக்கொண்டிருக்கும்போதே அவர் கூடையைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மூன்று மணிக்கு ராதாகிருஷ்ணன் கோழிச் சரக்கைப் பார்க்கக் குளிரறைக்குள் போனார். நானும் பின்னால் போனேன். பெட்டி வழியில் கிடந்தது. நடக்கிற வழியில் சாமான் கிடக்கக்கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியவரே அவர்தான். எடுத்து ஓரமாக வைத்தேன். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் காஷியர் புஷ்பவல்லி, "அங்கிள், பின்னால ஏதோ தட்டுற சத்தம் கேக்குது," என்றாள்.

"கம்ப்ரஸர் பழசு லா. நீ கஸ்டமரைப் பாரு."

நல்ல கூட்டம். ஒருவரையும் காக்க வைக்கவில்லை. மறுநாள் கடை விடுமுறை. பூசைக்குப் போய்விட்டு வந்து, அரிசி மூட்டைகளைத் தனியாகவே வாசல் பக்கம் கொண்டுவந்து அடுக்கினேன். திங்கட்கிழமை காலையில் குளிரறையைத் திறந்த புஷ்பவல்லி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு இரண்டு நாள் லீவு கொடுத்தேன்.

இதை விபத்து என்று நான் விட்டிருக்கலாம். கடிதங்கள் இருந்தன. ஆனால் ஹெட் ஆபீஸ் அறிக்கையில், 'லியனார்டின் கவனக்குறைவு' என்று எழுதியிருக்கிறார்கள். பதினேழு வருஷத்தில் ஒரு நாள்கூட நான் கவனக்குறைவாக இருந்ததில்லை. அது மட்டும் திருத்தப்பட வேண்டும்.

ராதாகிருஷ்ணனின் மனைவி போன் செய்ததைப் பற்றிக் கேட்டீர்கள். செய்தார், சனிக்கிழமை ஐந்து மணிக்கு. என் மேசைக்குப் பின்சுவர்தான் குளிரறை.

"அண்ணே, இவரு எப்ப வீட்டுக்கு வருவாரு?"

"திடீர்னு ஈப்போ கிளைக்குக் கூப்பிட்டாங்கம்மா. திங்கக்கிழமை வந்துடுவாரு. கவலைப்படாதீங்க."

வீட்டில் ஒரு பெண் வீணாகக் காத்திருக்கக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன். நன்றி சொன்னார். நான் போனை வைத்தபோதும் சுவருக்குப் பின்னால் அவர் தட்டிக்கொண்டுதான் இருந்தார்.