எட்டுப் படிவத்தில் ஒரே எண்

ஆபீஸம்மா: ...இதுல உங்களை மாமனார்னு போட்டிருக்காங்க.

மேஸ்திரி: எதுல?

ஆபீஸம்மா: இந்தப் படிவத்துல. பம்ப் பாக்கறவரோடது. 'அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர்'ங்கற இடத்துல உங்க நம்பர். 'உறவு'ங்கற இடத்துல மாமனார்.

மேஸ்திரி: எனக்குப் பொண்ணே கிடையாதே.

ஆபீஸம்மா: அதைக் கேக்கத்தான் வந்தேன். இதுல அண்ணன். இதுல சித்தப்பா. இதுல பெரியப்பா... இவர் உங்களைவிட நாலு வயசு பெரியவர். அவருக்கு நீங்க பெரியப்பா.

மேஸ்திரி: தாடியை எடுத்துட்டா அவன் சின்னவனாத்தான் தெரிவான்.

ஆபீஸம்மா: மொத்தம் எட்டு. உங்க ஷிஃப்ட்ல பதினோரு பேர். அதுல எட்டு பேருக்கு நீங்கதான் குடும்பம்.

மேஸ்திரி: பாசக்காரப் பசங்க. சரி, எழுதிக் கொடுத்துட்டாங்கல்ல. ஃபைல்ல வெச்சுட்டுப் போக வேண்டியதுதானே. இதுக்காகவா இந்தச் சேத்துல என் ரூம் வரைக்கும் நடந்து வந்தீங்க?

ஆபீஸம்மா: இதோட நாலாவது தடவை. மூணு நாளா வந்து கேட்டா, 'மேஸ்திரி சுரங்கத்துக்குள்ள இருக்கார்'னு வாசல்ல பலகையைக் காட்டறாங்க. உங்க டோக்கன் மாட்டியிருந்துச்சு.

மேஸ்திரி: ஆமா. உள்ள போறவன் டோக்கனை மாட்டிட்டுப் போகணும், வெளிய வந்தா எடுத்துடணும். பலகையில டோக்கன் இருந்தா ஆள் உள்ள இருக்கான்னு அர்த்தம்.

ஆபீஸம்மா: தெரியும். அதான் இன்னைக்கு நீங்க மாட்டறதுக்கு முன்னாடியே வந்துட்டேன்.

மேஸ்திரி: ரெண்டு மணிக்கு ஷிஃப்ட். இன்னும் நாப்பது நிமிஷம்கூட இல்ல. நாளைக்கு வாங்களேன்...

ஆபீஸம்மா: நாப்பது நிமிஷம் போதும். எட்டும் சரியாகற வரைக்கும் இந்த ஷிஃப்டை உள்ள விட வேண்டாம்னு வாசல்ல சொல்லிட்டேன்.

மேஸ்திரி: யார் சொல்லி?

ஆபீஸம்மா: நானே. மேனேஜர் கையெழுத்து இதோ இருக்கு. வாங்கறதுக்கு மூணு மணி நேரம் அவர் கதவுகிட்ட நின்னேன்.

மேஸ்திரி: ...பிடிவாதக்காரங்கதான்.

ஆபீஸம்மா: உங்க போன் எங்க இருக்கும் மேஸ்திரி?

மேஸ்திரி: எப்பவும் கைல. சார்ஜ் இறங்கவே விட மாட்டேன். அதுக்காகத்தான் பசங்க என் நம்பரைக் கொடுக்கறாங்க.

ஆபீஸம்மா: ஷிஃப்ட் நேரத்துல?

மேஸ்திரி: பாக்கெட்ல.

ஆபீஸம்மா: அந்த நேரத்துல நீங்க எங்க இருப்பீங்க?

மேஸ்திரி: ...உள்ள.

ஆபீஸம்மா: உள்ள சிக்னல்?

மேஸ்திரி: வாசல்லேருந்து இருபதடி தாண்டினா கிடையாது.

ஆபீஸம்மா: அந்த எட்டு பேருக்கும் உள்ள ஏதாவது ஆச்சுன்னு வெச்சுக்கோங்க. நான் யாரைக் கூப்பிடணும்?

மேஸ்திரி: என்னை.

ஆபீஸம்மா: நீங்க எங்க இருக்கீங்க?

மேஸ்திரி: ...அவங்க பக்கத்துல.

ஆபீஸம்மா: அவ்வளவுதான் என் கேள்வி.

மேஸ்திரி: நீங்க பேசறது சரி. ஆனா எழுதினவங்க முட்டாள் இல்ல. வீட்டுக்கு ஆபீஸ் போன் போச்சுன்னாலே அங்க உசிர் போயிடும். யார்கிட்ட முதல்ல சொல்லணும், எப்படிச் சொல்லணும்னு தெரிஞ்ச ஆள் நடுவுல வேணும். அதுக்குத்தான் நான்.

ஆபீஸம்மா: உங்களுக்குத் தெரியுமா? எப்படிச் சொல்லணும்னு?

மேஸ்திரி: ...நீங்க எழுதற வேலையைப் பாருங்க.

ஆபீஸம்மா: பாக்கறேன். எந்த நம்பரா இருந்தாலும் அடிச்சுப் பாத்துட்டுத்தான் எழுதுவேன். முதல்ல உங்களோடது... போகுது.

மேஸ்திரி: அடிக்குது. ...இது ஆபீஸ் நம்பர் இல்லையே.

ஆபீஸம்மா: என் சொந்தப் போன். ஏன், தெரிஞ்ச நம்பரா?

மேஸ்திரி: ...இல்ல. உங்க போன்ல ஏதோ பேர் வருதே. என் நம்பரை முன்னாடியே ஏத்தி வெச்சிருக்கீங்களா?

ஆபீஸம்மா: எட்டுப் படிவத்துல இருந்தா கைக்குப் பழகிடும்ல.

மேஸ்திரி: என்ன பேர்ல?

ஆபீஸம்மா: அது கடைசில. அதோ யாரோ எட்டிப் பாக்கறாங்க.

வண்டிக்காரர்: மேஸ்திரி, வாசல்ல உள்ள விட மாட்டேங்கறான். ஏதோ படிவமாம். மண்ணு வண்டியை நான் எடுக்கலேன்னா உள்ள இருக்கற காலை ஷிஃப்ட் எதுல ஏறி வெளிய வரும்?

ஆபீஸம்மா: வாங்கண்ணே. சுரங்கத்துல மண்ணு வண்டி ஓட்டறவர் நீங்கதானே? மேஸ்திரியைச் சித்தப்பான்னு எழுதியிருக்கீங்க.

வண்டிக்காரர்: மனசார அப்படித்தான் நினைக்கறேன்.

மேஸ்திரி: போன வாரம் என்னை வேற மாதிரி கூப்பிட்டியே.

வண்டிக்காரர்: அது கோவத்துல, சித்தப்பா.

ஆபீஸம்மா: வீட்டு நம்பரைச் சொல்லுங்க.

வண்டிக்காரர்: வீட்டுல போன் மாமியார்கிட்ட இருக்கும்மா. எடுத்தா அரை மணி நேரம். நான் நல்லா இருக்கறப்பவே என்னால தாங்க முடியல.

ஆபீஸம்மா: உங்க மனைவிகிட்ட தனிப் போன் இல்லையா?

வண்டிக்காரர்: இருந்துச்சு. மாவுல விழுந்துடுச்சு.

ஆபீஸம்மா: அப்ப மாமியார்தான். அடிங்க. இங்கயே.

வண்டிக்காரர்: இப்பவா? ...ஹலோ. அத்தை, நான்தான். ...இல்ல, வேலைலதான் இருக்கேன். ...இல்ல, யாரும் வெளிய தள்ளல. ...சண்டையும் போடல அத்தை. ...ஒரு அம்மா பேசணுமாம். ...எந்த அம்மான்னா... ஆபீஸ் அம்மா. இந்தாங்கம்மா, நீங்களே மாட்டிக்கோங்க.

ஆபீஸம்மா: வணக்கம்மா. உங்க மருமகன் வேலை பாக்கற இடத்துலேருந்து பேசறேன். முதல்லயே சொல்லிடறேன், அவர் நல்லா இருக்கார், என் எதிர்லதான் நிக்கறார். ...ஆமாம்மா, இளைச்சுத்தான் இருக்கார். ...நாளைக்கு இங்க ஏதாவது நடந்துதுன்னா முதல்ல உங்களைத்தான் கூப்பிடுவேன். உங்க நம்பரை எழுதிக்கட்டுமா? ...சரி. உங்க போன் கிடைக்கலேன்னா பக்கத்துல வேற யாரு? ...தையல்கடைக்காரம்மா. அவங்க நம்பர்? ...எழுதிட்டேன். ...சொல்றேன்மா.

வண்டிக்காரர்: என்ன சொல்லச் சொன்னாங்க?

ஆபீஸம்மா: குடையை மறுபடியும் இங்கயே விட்டுட்டு வராதீங்கன்னாங்க. அப்புறம்... 'அவனுக்கு ஒண்ணுன்னா எங்ககிட்ட சொல்ல மாட்டீங்களோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன், இப்ப நிம்மதி'ன்னாங்க.

வண்டிக்காரர்: ...என் மாமியாரா?

ஆபீஸம்மா: மூணு நிமிஷம்தான் ஆச்சு. கையெழுத்துப் போடுங்க.

வண்டிக்காரர்: மேஸ்திரி, இந்தம்மா இருக்கற வரைக்கும் உங்க சித்தப்பா பதவி போச்சு. நான் வாசலுக்குப் போறேன்.

ஆபீஸம்மா: ஒண்ணு முடிஞ்சுது. இன்னும் ஏழு. நீங்க ஒரு வார்த்தை சொன்னா வரிசையா வந்து நிப்பாங்க. சொல்ல மாட்டேங்கறீங்க.

மேஸ்திரி: அவங்க என்னை நம்பி எழுதினது.

ஆபீஸம்மா: போன வருஷம் ஒருத்தர் நம்பி எழுதினாரே. நெட்டைன்னு கூப்பிடுவீங்களாம்.

மேஸ்திரி: அந்தப் பேச்சு எதுக்கு இப்ப?

ஆபீஸம்மா: பழைய படிவத்தைப் பாத்தேன். உறவு, அண்ணன். நம்பர், உங்களோடது. தண்ணி உள்ள பூந்த அன்னைக்கு நீங்க உள்ள இல்ல.

மேஸ்திரி: பல் புடுங்கப் போயிருந்தேன். ரெண்டு மாசமா தள்ளிப் போட்டுட்டு அன்னைக்குத்தான்... வாய்ல பஞ்சோட உட்கார்ந்திருந்தேன். ஆபீஸ்லேருந்து போன். 'நீங்க அவரோட அண்ணனா?'ன்னாங்க. ஆமான்னேன். விஷயத்தைச் சொன்னாங்க. 'வீட்டுக்குத் தகவல் சொல்லணும், நீங்க சொல்லிடறீங்களா?'ன்னாங்க.

ஆபீஸம்மா: சொல்லிடறேன்னீங்க.

மேஸ்திரி: வாய்ல பஞ்சு. ம்ம்னேன். அவங்க படிவத்துல டிக் போட்டுட்டாங்க.

ஆபீஸம்மா: 'குடும்பத்துக்குத் தெரிவிக்கப்பட்டது.' பச்சை மையில எழுதியிருக்கு.

மேஸ்திரி: சொல்லணும்னுதான் இருந்தேன். அவன் வீட்டு நம்பர் என்கிட்ட இருந்துச்சு. அடிச்சேன். எடுத்தாங்க. 'ஹலோ, யாரு?'ன்னாங்க. பின்னாடி தண்ணி விழற சத்தம், பாத்திரம் கழுவிட்டிருந்திருப்பாங்க. குரல் அவ்வளவு சாதாரணமா இருந்துச்சு. நான் வாயைத் திறந்தா அது போயிடும்ல... வெச்சுட்டேன்.

ஆபீஸம்மா: அப்புறம்?

மேஸ்திரி: அப்புறம் திரும்ப. திரும்ப.

ஆபீஸம்மா: ரெண்டு நாள்ல பதினேழு தடவை.

மேஸ்திரி: நான் எண்ணல.

ஆபீஸம்மா: வீட்டுல எண்ணியிருக்காங்க. ரெண்டு ஷிஃப்ட் சேத்துப் பாக்கறார் போலன்னு நெனச்சு, ரெண்டு நாளும் அவருக்கும் சேத்துச் சமைச்சிருக்காங்க. நடுவுல யாரோ அடிச்சு அடிச்சு வெக்கறாங்கன்னு, ஒரு தடவை நல்லாத் திட்டவும் திட்டிட்டாங்க.

மேஸ்திரி: 'உனக்கு வேற வேலையே இல்லையாடா, வீட்டுல அக்கா தங்கச்சி கிடையாதா'ன்னு.

ஆபீஸம்மா: ...ஞாபகம் வெச்சிருக்கீங்க.

மேஸ்திரி: திட்டினது கொஞ்சம் ஆறுதலாக்கூட இருந்துச்சு.

ஆபீஸம்மா: மூணாவது நாள் பக்கத்து வீட்டுக்காரங்க பேப்பரோட வந்து கதவைத் தட்டினாங்க. உள்பக்கத்துல, கீழ் மூலைல, தண்ணில போன மூணு பேரோட பேர். ரெண்டாவது அவரோடது. அப்படித்தான் தெரிஞ்சுது.

மேஸ்திரி: ...இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?

ஆபீஸம்மா: ஃபைல்ல இருக்கு.

மேஸ்திரி: சமைச்சதும் திட்டினதும்கூட ஃபைல்ல எழுதுவாங்களா?

ஆபீஸம்மா: ...எழுத மாட்டாங்க. நேரமாகுது மேஸ்திரி. ஏழு பேர்.

மேஸ்திரி: ம். இருங்க, ஜன்னலைத் திறக்கறேன். ...டேய். எல்லாரும் இங்க வாங்க. வீட்டு நம்பரை எடுத்துட்டு வாங்க. நிஜ வீட்டு நம்பர். ...என்னோடதா? என் நம்பரை எவனாவது எழுதினா இன்னைக்கு அவனுக்குத் தண்ணி இறைக்கற வேலைதான், சொல்லிட்டேன். ...என்னடா சிரிப்பு? மாமனார் சொல்றேன், வரிசையா நில்லு. முன்னாடி நிக்கறவன் வீட்டுக்கு அடிக்க ஆரம்பி, எடுத்ததும் 'நல்லா இருக்கேன்'னு சொல்லிட்டு அப்புறம் விஷயத்தைச் சொல்லு. இந்தம்மா வந்து பேசுவாங்க.

ஆபீஸம்மா: எவ்வளவு சீக்கிரம் வந்துட்டாங்க பாருங்க. இவ்வளவுதான் கேட்டேன். ...உள்ள அனுப்பறதுக்கு முன்னாடி இதை முடிச்சுடலாம்.

மேஸ்திரி: எதை?

ஆபீஸம்மா: உங்க படிவம். இதுல ஒண்ணுமே எழுதல. ஒம்பதாவது.

மேஸ்திரி: வீட்டுல என் சம்சாரம் தனியா இருக்கா. மனசு ரொம்ப மெலிசு. அவளுக்கு எதுக்கு அந்த போன்?

ஆபீஸம்மா: போனே வராட்டி?

மேஸ்திரி: வராட்டின்னா?

ஆபீஸம்மா: நீங்க வரலேன்னு எவ்வளவு நேரம் காத்திருப்பாங்க? ரெண்டு நாள்? பேப்பர் வர்ற வரைக்கும்?

மேஸ்திரி: எனக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் அவளுக்கு அடிப்பா?

ஆபீஸம்மா: நான்தான்.

மேஸ்திரி: பேசுவீங்களா?

ஆபீஸம்மா: எடுத்ததும் பேசுவேன். நான் யாருன்னு சொல்லுவேன், என்ன ஆச்சுன்னு சொல்லுவேன். அவங்க வெக்கற வரைக்கும் நான் வெக்க மாட்டேன். அழுதா அழற வரைக்கும் இருப்பேன்.

மேஸ்திரி: சொல்றது சுலபம்.

ஆபீஸம்மா: சுலபம்னு நான் சொல்லல. அந்தப் பக்கம் போனைப் பிடிச்சுட்டு நின்னிருக்கேன். அதனால சொல்றேன். அவர் போனதுக்கு அப்புறம் இந்த வேலையைக் கொடுத்தாங்க. எந்த சீட் வேணும்னு கேட்டாங்க, இந்த சீட்டைக் கேட்டு வாங்கினேன்.

மேஸ்திரி: ...தெரியும் தங்கச்சி. நெட்டை தொப்பிக்குள்ள உங்க போட்டோவை ஒட்டி வெச்சிருப்பான். வேர்வை படக்கூடாதுன்னு மேல டேப். முதல் நாள் நீங்க வாசல்ல வந்து நின்னப்பவே அடையாளம் தெரிஞ்சு போச்சு. மூணு நாளும் நான் சுரங்கத்துக்குள்ள போகல. பசங்களை மட்டும் அனுப்பிட்டு, டோக்கனை மாட்டிட்டு, அதோ அந்தச் சாமான் கொட்டகைல கதவைச் சாத்திட்டு உட்கார்ந்திருந்தேன். டோக்கனுக்காக ஆளுங்களைத் திட்டற நான்... உங்க மூஞ்சியைப் பாக்கத் தைரியம் வரல. இப்ப சொல்லுங்க, உங்க போன்ல என்ன பேர் போட்டிருக்கீங்க?

ஆபீஸம்மா: 'பேசாதவர்'னு, அந்த ரெண்டு நாள்லயே போட்டது. ...நீங்க கொட்டகைலதான் இருந்தீங்கன்னு எனக்கும் தெரியும். பலகையைப் பாத்துட்டு, மூணு நாளும் ஆபீஸ் செல்போன்லேருந்து உங்களுக்கு அடிச்சுப் பாத்தேன். உள்ள இருக்கறவருக்கு மணி அடிக்கக் கூடாதுல்ல. அடிச்சுது. சத்தம் வந்த பக்கமா நடந்து, கொட்டகைக் கதவுக்கு வெளிய வந்து நின்னேன். தட்டறதுக்குக் கைகூடத் தூக்கினேன்... அப்புறம் நானும் ஒண்ணும் பேசாம வெச்சுட்டுப் போயிட்டேன், மூணு தடவையும். வீட்டு நம்பரைச் சொல்லுங்கண்ணே, எழுதிக்கறேன்.