இடது கால் அப்படியே இருக்கட்டும்

வேணாம் தம்பி, அந்த வீடியோவ மறுபடியும் போடாதீங்க, ஒரு தடவ பாத்ததே போதும். கால மட்டும்தான் எடுப்பேன்னீங்க. என் கால் எங்க முடியுது, மத்தது எங்க ஆரம்பிக்குதுன்னு உங்க கேமராவுக்கே புரியல போல. இதப் பாக்கவா ரெண்டு பஸ் மாறி உங்க ஷூக் கடைக்கு வந்தேன்? எங்க பியூட்டி பார்லர்ல நாலு பக்கமும் கண்ணாடிதான், ஆனா எல்லாம் இடுப்புக்கு மேல. ஏன்னு இப்பத்தான் தெரியுது.

சரி, குதிகால்ல ஒட்டுன இந்தப் பொட்ட எடுத்துரலாமா? இன்னும் இந்த மிஷின்ல ஓடணுமா? ஐயோ சாமி.

நானா வரல தம்பி. என் மக யாமிலே பொறந்தநாள் பரிசுன்னு காசு கட்டிட்டா. பொறந்தநாளைக்கு கேக் குடுப்பாங்க, பூ குடுப்பாங்க, இவ குடுத்தது நான் எப்படிக் கோணலா ஓடுறேன்னு மிஷின் வச்சு நிரூபிக்கிறதுக்கு ஒரு சீட்டு. ஞாயித்துக்கிழமை காருங்கள நிறுத்தி ரோட்ட நமக்கு விடுறாங்கல்ல, அப்ப அவளும் என்கூடயும் அவ அப்பாகூடயும் ஓட வருவா. கொஞ்ச தூரம்தான். அப்புறம் யாரோ மாதிரி விலகிப் போயிருவா. அம்மா, நீ ஓடுறது கல்லுல துணி துவைக்கிற மாதிரி இருக்கு, ஊரே திரும்பிப் பாக்குதும்பா. பாக்கட்டுமே, எனக்கென்ன இனிமே மாப்பிள்ளையா பாக்கப் போறாங்க.

நான் வடக்குப் பக்கம் வந்து ஷூ வாங்குறது மட்டும் எங்க தெருவுக்குத் தெரியக் கூடாது. நாங்க ரெஸ்ட்ரெப்போ பேட்டை. ஆமா, வீட்டுக்கு வீடு ஷூ தைக்கிற அதே ரெஸ்ட்ரெப்போதான். எதிர்வீட்டு லிபார்தோ எனக்குக் கல்யாணச் செருப்பே தச்சவர். தெரிஞ்சா அந்த ஆள் ஒரு வருஷம் மூஞ்சியத் திருப்பிக்குவார். உங்க பைய வேற கலர் கலரா இருக்கு, மார்க்கெட் பைக்குள்ள போட்டு மேல ரெண்டு கீரக்கட்ட வச்சுத்தான் கொண்டு போகணும்.

என்ன? இடது காலா?

அது... வளர்ந்த லட்சணம் அப்படி. வலது கால் ஒழுங்கா இறங்குது, இடது மட்டும் ஏன் சட்டு சட்டுன்னு அறையுதுன்னு என்னக் கேட்டா? நாள் முழுக்க நின்னு முடி வெட்டுறேன், ஒரே கால்ல பாரம் போடுவேன், அதாயிருக்கும். வெறுங்காலோட நடக்கச் சொன்னப்ப ரெண்டும் ஒண்ணாத்தான் இறங்குச்சா? ஆமா, கெட்டிக்காரர்தான் நீங்க. பழைய ஷூவப் பொரட்டிப் பாத்தப்பவே நெனச்சேன், இந்த ஆள் லேசுல விடமாட்டார்னு. இடது ஷூவுக்கு மட்டும் முன்பக்கம் தேஞ்சு போச்சு, வாஸ்தவம்தான். வலதுக்கு அவ்வளவு சோம்பேறித்தனம்னு வச்சுக்கங்களேன்.

கொஞ்சம் மெதுவாப் பேசுங்க தம்பி. கதவு தெறந்திருக்கு. வாசல் பெஞ்சுல ரோட்டப் பாத்து உக்காந்து டின்டோ காப்பி குடிக்கிறாரே, அவர் எங்க வீட்டுக்காரர், எவெலியோ.

வலிக்குதாவா? வலிக்குதுதான். முட்டிக்குக் கீழ, முன் எலும்புல. படி ஏறும்போது குத்துது. டாக்டர் அழுத்திப் பாத்துட்டு, கால இப்படி அறையாதீங்க, எலும்பு விரிசல் விட்டுரும்னார். வர்ற ஞாயித்துக்கிழமை அரை மாரத்தான் இருக்குன்னேன். அவர் என் வயசப் பாத்தார், என் எடையப் பாத்தார், அப்புறம் சிலுவை போட்டுக்கிட்டார்.

இந்த ஷூவா? குடுங்க. அடேங்கப்பா, மெத்தைல ஏறுன மாதிரியில்ல இருக்கு. மிஷினப் போடுங்க, ஓடிப் பாக்குறேன்.

...

எங்க, சத்தமே வரலையே?

இல்லல்ல, நல்லாத்தான் இருக்கு. வலி கூட இல்ல. கலர்தான் ஒரு மாதிரி. இந்த வயசுல மஞ்சள் போட்டா வாத்து நடந்து போற மாதிரி இருக்கும். நீலம் இருக்கா? இருக்கா... சரி, வேற மாடலே காட்டுங்க.

இதுவும் சத்தமில்லாமதான் போகுது. பாதம் உள்பக்கம் சாயாமப் புடிச்சுக்குதுங்கிறீங்க, சரி. ஆனா கொஞ்சம் இறுக்குது. என் அளவுதான்னு எனக்கும் தெரியுது. இறுக்குதுன்னா இறுக்குது, விடுங்களேன். இதென்ன, காத்து அடச்சதா? ஊகூம். பூனை நடக்குற மாதிரி இருக்கு.

கோச்சுக்காதீங்க தம்பி. கடையில இருக்குற டப்பா பூரா தெறக்க வச்சுட்டு ஒண்ணுமே வாங்காமப் போற பொம்பளைங்கள எனக்கும் தெரியும். என் பார்லருக்கும் வருவாங்க, நாப்பது கலர் பாத்துட்டு நுனி மட்டும் வெட்டுன்னு சொல்லுவாங்க. கத்திரிக்கோலாலயே குத்தலாமான்னு இருக்கும். இங்க உக்காருங்க, சொல்றேன். ஆனா வாசப்பக்கம் பாக்காதீங்க.

எவெலியோ எங்க பேட்டைல புட்பால் ரெஃப்ரி. ஞாயித்துக்கிழமை மேட்ச்னா விசில ஊதிக்கிட்டு நடு மைதானத்துல நிப்பார். ரெஃப்ரின்னா என்ன சொல்லிக் கத்துவாங்கன்னு உங்களுக்கே தெரியும். ஏ குருடா, கண்ணாடி போடுடா. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, இன்னிக்கு என்ன எத்தன பேர் குருடன்னாங்க தெரியுமான்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுவார். ஒரு நாள் அப்படித்தான் கத்திருக்காங்க. வீட்டுக்கு வந்தார், சிரிக்கல. விசில ஃப்ரிட்ஜ் மேல வச்சார். முட்டி போச்சு நூபியா, இனிமே மைதானத்துக்குப் போறதா இல்லன்னார்.

சரி, வயசாச்சு, முட்டிதான்னு நம்பிட்டேன். நான் எதையும் நம்புவேன், முடி வளர்ற எண்ணெயையே நம்பி வித்தவ. ஆனா அடுத்த ஞாயித்துக்கிழமை காலைல நான் ஷூ மாட்டுறேன், அவரும் மாட்டுறார். எங்கய்யான்னா, உன்கூட ஓட வர்றேங்கிறார். முட்டி போனவர் ஓட வர்றாராம். அதுவும் எப்படி? நீ முன்னால போ, நான் பின்னால வர்றேன்னு. கல்யாணமான நாள்லேருந்து ரெண்டடி முன்னாலயே நடந்த மனுசன். சர்ச்சுக்குப் போனாலும் அப்படித்தான், சண்டை போட்டுட்டுப் போனாலும் அப்படித்தான். இப்ப பொம்பளைக்கு மரியாதையாம். நானும் வெக்கமில்லாம, இந்த வயசுல மனுசனுக்குப் பாசம் பொங்குதுன்னு லிப்ஸ்டிக் எல்லாம் போட்டுக்கிட்டு ஓடுனேன்.

அப்புறம் ஒரு நாள், கண்ணாஸ்பத்திரில சீட்டு எழுதுற பொண்ணு ஒண்ணு, எங்கிட்டத்தான் முடி வெட்டிக்கும். தலை பூரா நுரையோட தொட்டில சாஞ்சுக்கிட்டு கேக்குது, உங்க வீட்டுக்காரருக்கு இப்ப பார்வை எப்படிக்கா இருக்கு, பாவம், இனிமே திரும்பாதுன்னுட்டாங்களேன்னு. எனக்குத் தெரியும்னே நெனச்சுக்கிட்டுக் கேக்குது. நானும் தெரிஞ்ச மாதிரி, இருக்காரும்மா, பரவால்லன்னேன். தண்ணிய சூடாவே ஊத்திட்டேன் போல, பாவம் அது துள்ளிருச்சு.

நேராப் பாத்தா தெரியும் தம்பி. ஒரு குழாய் வழியாப் பாக்குற மாதிரி. பக்கவாட்டுல, கீழ, ஒண்ணும் தெரியாது. அந்தக் குழாயும் சின்னதாயிக்கிட்டே போகுதாம். ஞாயித்துக்கிழமை ரோட்டுல சைக்கிள், ஸ்கேட்டிங் புள்ளைங்க, நாய், ஜூஸ் வண்டி. அந்தக் கூட்டத்துல என் முதுகத் தேடிப் புடிக்க அவரால முடியாது. காதாலதான் வர்றார்.

எப்படித் தெரியும்னா, நான் ஒரு தடவ வேணும்னே கால அழுத்தி வச்சுப் பாத்தேன். பின்னால அவரு காலடி சீராச்சு. மெதுவா வச்சேன், தடுமாறுச்சு. அன்னிலேருந்து இடது காலால ரோட்ட அறைஞ்சுக்கிட்டேதான் ஓடுறேன். வலது கால ஏன் விட்டேன்னா, ரெண்டாலயும் அறைஞ்சா யாமிலே என்ன ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போயிருவா.

அவர் எங்கிட்ட சொல்லல. நானும் கேக்கல. கரண்ட் பில் கட்டப் போறேன்னு சொல்லிட்டு டாக்டர்கிட்ட போறார், நானும் போயிட்டு வாங்கங்கிறேன். ஒரு வீட்டுக்கு மாசத்துல மூணு தடவ கரண்ட் பில் வருது தம்பி, வெளிச்சத்துலயே குளிக்கிறோம் போல. சொல்லும்போது சொல்லட்டும். அவருக்கு நான் கண்ணு தெரியாதவன் பொண்டாட்டின்னு ஆகக் கூடாது, அவ்வளவுதான். எனக்குத் துணி துவைக்கிறவளுன்னு பேர் வந்தா பரவால்ல.

போன வாரம் எலும்பு தாங்கல. கொஞ்ச தூரம், ஒரு தெரு அளவு இருக்கும், கால மெதுவா வச்சுட்டேன். பின்னால தடால்னு சத்தம். நடு ரோட்டுத் தடுப்புல மோதி விழுந்து கிடக்கார். உள்ளங்கை பூரா தோல் போச்சு. எந்திரிச்சு, ஷூ நாடா தடுக்கிருச்சுன்னார். அவர் ஷூவுக்கு நாடாவே கிடையாது தம்பி, ஒட்டுற பட்டை. நானும் குனிஞ்சு, இந்த நாடா எப்பவும் இப்படித்தான்னு சொல்லி, இல்லாத நாடாவக் கட்டி விட்டேன். ரெண்டு பேரும் எந்திரிச்சு ஓடுனோம். எனக்கு அழுகையும் வந்துச்சு, சிரிப்பும் வந்துச்சு, மூச்சு வாங்குதுன்னு சொல்லிட்டேன்.

அந்த அரை மாரத்தான்ல ஓடணும்னு இருக்கார். அடுத்த வருஷம் முடியாதுன்னு அவருக்கே தெரியும். அதனால என் கால நீங்க சரி பண்ணிராதீங்க. எலும்புக்கு வலிக்கக் கூடாது, ரோட்டுக்குக் கேக்கணும். அந்த மாதிரி ஒண்ணு இருக்கா?

உள்ளயா? பழைய மாடலா? எடுத்துட்டு வாங்க, பாப்போம்.

இதா. குதிகால் மெத்துன்னு இருக்கு, முன்பக்கம் பலகை மாதிரி. லொட்டு லொட்டுன்னு சத்தம் வருதுன்னு யாரும் வாங்கலையா? நல்ல ஜனங்க. கலரும் மஞ்சள்தான், போகட்டும், வாத்து நடந்தா நடந்துட்டுப் போகுது. மிஷின் வேணாம் தம்பி, அது இரைச்சல்ல வாசல் வரைக்கும் கேக்காது. இந்த மரத்தரைலயே அந்தக் கோடி வரைக்கும் ஓடிட்டு வர்றேன்.

நீங்க என் காலப் பாக்காதீங்க. அங்க, அவர் தலையப் பாருங்க. திரும்புச்சுன்னா இதுக்கே பில் போட்டுருங்க.